நாவலரும் நாவலர் குழாமும்

நம்மனோர் நடத்தும் சங்கங்களுக்குப் பொருட்குறையினும் பெரிதாய் நிற்பது பேசுவோர் குறையேயாம். ஆண்டுக்கூட்டம் நெருங்கியவுடன் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரைத் தேடி அலைகின்றோம். அவர் வாராதொழியின் கூட்டமும் பொலிவிழக்கின்றது. இக்குறை தீர்க்கும் வழியை அறிய விரும்புவார்க்கு யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சரித்திரம் நல்லதொரு விளக்காகும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் புதல்வராய்த் தோன்றினார். சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் கற்றார். பின்பு பார்சிவல் பாதிரியாரது கல்விச்சாலையிலே ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பாதிரியாரது விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். குறித்த நாளிலே, குறித்த இடத்திலே, யாவர்க்கும் விளங்கும் நடையிலே பாதிரிமார் பேசுதலையும் அதனால் விளையும் பயனையும் அருகிருந்து கண்டார். தம் சமயத்தார்க்கு அத்தகைய ஒழுங்கு இன்மை அவர் உள்ளத்தை வருத்திற்று.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். அது முதல் வெள்ளிதோறும் அது நடைபெற்றது. புராணச் செய்யுளைப் படித்துப் பயன்சொல்லும் பழைய முறையோடு நில்லாது, கொல்லாமை, கள்ளுண்ணாமை, தானம் என்றற்போல ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விரித்துரைக்கும் முறை அங்கே வழங்கலாயிற்று. நாவன்மை மிக்க அவர் தாமொருவரே மேடையைக் கைக்கொண்டாரல்லர். நண்பர் கார்த்திகேயையரும் உடன்நின்று பிரசங்கித்தார். தாம் பேசுதலோடு பிறரையும் பேசச் செய்தமையே ஈண்டு நாம் கருதத்தக்கது.

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே பாதிரியார்பாற் பெற்ற ஊதியத்தையும் துறந்து, இத்தொண்டிற்கே தம்மை ஒப்புவித்தார். 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்ற காலத்தே, அவர்தம் பிரசங்கத்தைக் கேட்டுவந்த திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். பாலபாடங்களும், 1852ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனமும் கற்போர்க்கேயன்றிப் பேசுவோர்க்கும் கருவூலமாயின. 1864ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் உலகு நீத்தார். ஆயினும் அவர் தொடங்கிய பணி ஓய்ந்ததில்லை. மருமகரும் மாணவருமாகிய பொன்னம்பலபிள்ளை புராணப் பொருளுரைப்பதிற் பெரும்புகழ் பெற்றார். வித்தியாசாலையில் ஆசிரியராயிருந்த செந்திநாதையர் தமிழ்நாட்டிலும் சென்று சைவம் பேசினார்.

நாவலர் தம் காலத்துச் சாதி வரம்பைக் கடந்தாரல்லர். அதனை நாம் பின்பற்றவேண்டுவதின்று. அவர்தம் ஒழுங்கையே கைக்கொள்வோமாக. மாதத்தில் ஒருநாளைக் குறிப்போம்; இளைஞர் இருவர்க்கு முன்னரே பொருள் கொடுப்போம்; கற்றார் ஒருவர் அருகிருந்து குற்றங்களைந்து திருத்துக. முதலிற் குழறுவர், அது கண்டு நகையாதிருத்தல் நம் கடன். ஊதியம் வேண்டாது பேசவல்லார் பதின்மர் நம்மிடையே தோன்றுவராயின், ஒருவர் வரவை நோக்கி வாயிலிற் காத்துநிற்கும் நிலை நமக்கு உண்டாகுமோ?