சினம் காத்த ஆட்டம்

டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே சில நொடிகளே கிடைக்கின்றன. தவறவிட்ட பந்தை எண்ணி வருந்துவோர் அந்நொடிகளை இழக்கின்றனர். வரவிருக்கும் பந்தை எண்ணுவோர் அவற்றைப் பயன்கொள்கின்றனர். இதனை ஆட்டத்திலும் வாழ்விலும் கடைப்பிடித்தவர் அமெரிக்க வீரர் ஆர்தர் ஆஷ்.

இவர் 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். கருப்பினத்தவர்க்குப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் தனியே பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. தந்தை, கருப்பினத்தவர்க்குரிய பூங்கா ஒன்றின் பராமரிப்பாளர். குடும்பத்தின் வீடும் அப்பூங்காவினுள்ளேயே இருந்தது. அருகில் டென்னிஸ் களங்கள் இருந்தன. ஆறு வயதில் தாயை இழந்த ஆஷ், ஏழு வயதில் மட்டையைக் கையில் எடுத்தார்.

லிஞ்ச்பர்க் நகர மருத்துவர் இராபர்ட் வால்டர் ஜான்சன், கருப்பினச் சிறுவர்க்குத் தம் இல்லத்துக் களத்தில் பயிற்சி அளித்துவந்தார். நடுவரோடு வாதிடலாகாது, மட்டையை வீசியெறிதல் கூடாது, எதிராளியின் பந்து கோட்டுக்குச் சற்றே வெளியில் விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆட வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். அவற்றின் பின்னே கசப்பான காரணம் ஒன்றிருந்தது. வெள்ளையர் நடத்தும் போட்டியில் கருப்பினச் சிறுவன் ஒருமுறை சினம் காட்டினாலும், அதையே சாக்காகக் கொண்டு அவனை விலக்கிவிடக்கூடும். ஆகவே, ஆஷ் கற்ற அமைதி முதலில் அவருக்குக் கவசமாகவே அமைந்தது.

கவசம் பின்னாளில் கருவியாயிற்று. 1968ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை ஐந்து செட்களில் வென்று, அப்பட்டம் பெற்ற முதல் கருப்பின ஆண் வீரரானார். 1975ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டம் அதனினும் பெரிய சோதனை. எதிரே நின்றவர் நடப்பு வாகையரான ஜிம்மி கானர்ஸ், வயது 22. ஆஷுக்கோ 32 நிறையச் சில நாள்களே இருந்தன. கானர்ஸ் அவர்மீது அவதூறு வழக்கும் தொடுத்திருந்தார். மனக்கசப்பில் பந்தை ஓங்கி அடிக்கத் தோன்றும் சூழல் அது. ஆனால், விரைந்து வரும் பந்தை அதனினும் விரைவாகத் திருப்புவதே கானர்ஸின் வலிமை. இதை அறிந்த ஆஷ், தமக்கு இயல்பான அதிரடியைக் கைவிட்டு, மெதுவான, தாழ்வான பந்துகளையே அனுப்பினார். களம் மாறும் இடைவேளைகளில் கண்களை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தினார். முதலிரு செட்கள் 6-1, 6-1 என அவர் வசமாயின. மூன்றாவது செட்டைக் கானர்ஸ் கைப்பற்றி, நான்காவதில் 3-0 என முந்தினார். ஆஷ் கலங்கவில்லை, 6-4 என அந்தச் செட்டை வென்று வாகை சூடினார்.

ஆயினும், அவர் உணர்ச்சியற்றவர் அல்லர். அவ்வாண்டே ஸ்டாக்ஹோம் போட்டியில் இலீ நஸ்டாசே காலம் தாழ்த்தியும் சீண்டியும் வந்தபோது, முன்னிலையில் இருந்தும் பொறுமை இழந்து களத்தைவிட்டு வெளியேறினார். பின்னர் போட்டி நடத்தியோர் வெற்றியை அவருக்கே வழங்கினர். அடங்கிய சினம் அழிந்த சினம் அன்று என்பதை அந்நிகழ்வு காட்டியது.

அச்சினத்தை ஆஷ் உரிய இடத்தில் பயன்படுத்தினார். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து, 1985ஆம் ஆண்டு வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். இதய அறுவையின்போது ஏற்றப்பட்ட குருதியால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானதை 1988இல் அறிந்தார். 1992இல் அச்செய்தியை வெளியிட நேர்ந்தபோதும் மனம் ஒடுங்காமல், அந்நோய் குறித்த விழிப்புணர்வுக்காக உழைத்தார். அவ்வாண்டே, ஹெய்தி நாட்டு அகதிகளுக்காக வெள்ளை மாளிகையின் முன் போராடி மீண்டும் கைதானார். 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார்.

அந்நகரில் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டங்கள் நிகழும் பேரரங்கம் 1997 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருகாலத்தில் வெள்ளையர் களங்களில் ஆட உரிமை மறுக்கப்பட்டவரின் பெயர் அது. தன் சினத்தைத் தான் ஆள்பவர், அதனைச் செலுத்த வேண்டிய இடத்தையும் தாமே தேர்கிறார் என்பதே ஆஷின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.