முன்சீப் வேதநாயகம் பிள்ளை

கிறிஸ்து மார்க்கத்துக்கு ஊழியஞ் செய்தோர் என்றவுடன் குருமாரையும் உபதேசியாரையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். வாரத்தில் ஒருநாள் கோயிலில் முழந்தாளிட்டு, எஞ்சிய ஆறு நாளும் கச்சேரியிலும் கடைத்தெருவிலும் காலங்கழிப்பவனுடைய விசுவாசம் எத்தன்மைத்து என்று ஆராய்வார் சிலரே. ஆராயப் புகுவார்க்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் சரித்திரம் பெரிதும் உதவும்.

இவர் 1826-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்குப் புதல்வராய்க் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்து, பின்பு மொழிபெயர்ப்பாளராகி, 1857-ல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். சீகாழியிலும், இப்போது மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில் 13 வருஷமும் அவ்வுத்தியோகம் பார்த்தார்.

நியாயாசனம் எளிதான இடமன்று. வழக்காளிகள் கையுறையோடு வீட்டுத் திண்ணைக்கு வருவர். உறவினர் சிபாரிசு சொல்லுவர். வாங்கினும் வாங்காவிடினும் ஊர் ஏதேனும் பேசும். இவ்வளவும் சூழ இருந்த பிள்ளையவர்கள், 1859-ல் வெளியிட்ட நீதி நூலில் கைக்கூலியைக் கடுமையாகக் கண்டித்ததோடு நில்லாது, கீர்த்தனங்களிலும் வைத்துப் பாடினார். லஞ்சம் வாங்கும் நியாயாதிபதியை இராகதாளத்தோடு பழித்த நியாயாதிபதி வேறொருவரை யாம் அறியோம். அப்பாட்டுக்களைத் தம் கச்சேரிச் சேவகரும் குமாஸ்தாக்களும் கேட்கக்கூடும் என்பதை அவர் அறியாதவரல்லர். தம் கை சுத்தமாயிராதவன் அவ்வாறு பாடத் துணிவானா?

அந்நாளில் சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருந்தமையால், தன் வழக்கு எப்படித் தோற்றதென்று குடியானவன் அறியமாட்டான். இதனைப் பெருங்கொடுமையாகக் கருதிய இவர், 1805 முதல் 1861 வரையுள்ள சதர் நியாயஸ்தலத் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலெனப் புகழப்படுவதும் 1879-ல் அச்சானதுமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ்க் கட்சிக்காரர் முன்னே ஆங்கிலத்தில் வாதிக்கும் வக்கீல்களை நகைத்திருக்கிறார். அந்நூலில் கதை நின்று உபதேசம் நீளும் இடங்கள் பல. இக்காலத்தார்க்குச் சலிப்புத் தட்டலாம். பெண்மதி மாலையில் மாதர்க்குச் சொல்லும் புத்திமதிகளிலும் சில பழமையானவையே. எனினும், பெண்ணுக்குக் கல்வி ஏனென்று நம் நாட்டார் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கல்வி வேண்டுமென்று எழுதினார் என்பதை மறக்கலாகாது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை இராஜதானியைச் சூறையாடியபோது, இவர் உத்தியோகத்தினின்றும் நீங்கியிருந்தார். ஆணையிடும் அதிகாரம் கையில் இல்லை. உள்ளது தம் பொருளே. அதனை எடுத்துக் கஞ்சி வார்ப்பித்தார். பசித்து வந்தவரை ஜாதி, மதம் கேட்டு நிறுத்தவில்லை. அக்கொடையை வியந்து கீர்த்தனம் பாடியவர், நந்தனார் சரித்திரம் செய்த சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் என்பது நோக்கத்தக்கது.

சைவப் பெரியாரோடு இவர் கொண்ட நட்பு ஒருநாளைய உபசாரமன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் இவரும் ஒருவர்பால் ஒருவர் மிக்க மதிப்பு வைத்திருந்தனர். 1878-ல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில், எம்மதத்தாரும் கூசாமற் பாடும்படி கடவுளைப் பொதுப்பெயர்களாலேயே துதித்தார். இஃது அவருடைய விசுவாசத்தின் தளர்ச்சியோ என்று ஐயுறுவோர் உண்டு. தேவமாதா அந்தாதியும் சத்திய வேதக் கீர்த்தனையும் பாடியவர் அவரே ஆதலின், அவ்வையத்துக்கு இடமில்லை என்பது எம் துணிபு. தம் கோயிலில் பாடுதற்கு ஒருவகையும், ஊரார் அனைவரோடும் கூடிப் பாடுதற்கு மற்றொருவகையும் அவருக்கு வேண்டியிருந்தன. இன்றும் கச்சேரி மேடைகளில் அக்கீர்த்தனங்களைப் பாடுவோர், இயற்றியவர் கிறிஸ்தவரென்பதை அறியாமலே பாடுவதுண்டு.

1887-ல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலை வெளியிட்ட பின்னர், 1889-ஆம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதி, தமது 62-ஆம் பிராயத்தில் காலமானார்.