நாதஸ்வரத்தை நீளமாக்கிய ராஜரத்தினம் பிள்ளை: தெருவில் நின்ற இசை மேடையில் உட்கார்ந்தது எப்படி?

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பள்ளிவாசல், மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம், சீனர்களின் குவான் யின் கோயில் என வரிசையாக வரும். மாரியம்மன் கோயில் வாசல் பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் இருக்கிறது.

இந்த மூன்று மரபுகளைச் சேர்ந்த மக்களிடமும் ஒரே குடும்பத்து ஊதுகருவி உண்டு. மலாய்க்காரர்களிடம் செருனாய், சீனர்களிடம் சுவோனா, நம்மிடம் நாதஸ்வரம். மூன்றுமே கூம்பு வடிவக் குழல்கள். மூன்றிலும் நாக்கு அதிர்ந்துதான் ஒலி வரும்.

இதில் நம்ம நாதஸ்வரம் 20-ஆம் நூற்றாண்டில் நீளமாகி, குரல் தணிந்து, கச்சேரி மேடை ஏறியது. அதற்குப் பெரிய காரணம் ஒருவர்: திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

யார் இவர்?

1898-இல் தஞ்சைப் பகுதியில் உள்ள திருவாவடுதுறையில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். அவரே இவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார்.

சின்ன வயதில் இவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை போன்றவர்களிடம் நாதஸ்வரம் பயின்றார். இது முக்கியம். ஏன்னா, பாடகர் ஒரு ராகத்தை நிதானமாக வளர்ப்பதைப் போலவே குழலிலும் வாசிக்க நினைத்தார். கையில் இருந்த கருவி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கருவியில் என்ன பிரச்சினை?

அன்று பரவலாக இருந்தது 'திமிரி' நாதஸ்வரம். அளவில் குட்டை, சுருதியோ 4 கட்டைக்கு மேல். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்துச் சொல்லும் கணக்கு. எண் கூடினால் சுருதியும் கூடும். சாமி ஊர்வலத்தில், நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டிய இடத்தில், அந்தக் கூர்மையான ஒலி தேவைதான். ஆனால் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் கேட்க அது தோதாக இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய கருவியில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் நேராக விழாது. துளையைப் பாதி மூடி, உதட்டின் அழுத்தத்தை மாற்றித்தான் அதைப் பிடிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும்புகழ் தந்த தோடி ராகத்தின் மத்யமமும் அதேதான்!

கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் கருவி செய்த ரங்கநாதன் ஆசாரி இதற்கு வழி கண்டார். குழலை நீளமாக்கினால் உள்ளே அதிரும் காற்றின் நீளமும் கூடும்; சுருதி இறங்கும். துளைகளின் இடத்தையும் சரிசெய்தார். இப்படிச் சுமார் 2 கட்டை சுருதியில், சுத்த மத்யமம் நேராகப் பேசும் 'பாரி' நாதஸ்வரம் பிள்ளையின் கைக்கு வந்தது. இன்று கச்சேரிகளில் பரவலாக வாசிக்கப்படுவது இதுதான்.

குழலுக்குள் என்ன இருக்கிறது?

நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். ஆச்சா மரத்தில் கடைவார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல ஆண்டுகள் காய்ந்த உத்திரங்கள்தான் இதற்கு உகந்தவை. அடியில் விரியும் பகுதி அணசு. மேலே கெண்டை என்ற சிறு உலோகக் குழாய், அதன்மேல் சீவாளி. சீவாளின்னா, நாணலைப் பதப்படுத்திச் செய்யும் இரட்டை நாக்கு. விரல் வைத்து வாசிக்க 7 துளைகள். கீழே உள்ள மற்ற துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள்.

கூடவே தவில். பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். வலக்கை விரல்களில் கூடு மாட்டி ஒரு பக்கமும், இடக்கையில் குச்சி பிடித்து மறுபக்கமும் வாசிப்பார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்குத் தவில் வாசித்தவர்களில் புகழ்பெற்றவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

மாறியது குழல் மட்டுமா?

இல்லை. அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர் சட்டை போடக் கூடாது. தோளில் இருக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருக்கும். நின்றும் நடந்தும்தான் வாசிக்க வேண்டும். பாடகருக்கும் வயலின்காரருக்கும் மேடை உண்டு. இசை வேளாளர் சமூகத்தில் பிறந்த நாதஸ்வரக்காரருக்குக் கிடையாது. இசையில் குறை என்று அதற்குக் காரணம் சொல்ல முடியாது. சாதிதான் காரணம்.

ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்து கிராப் வைத்தார். ஷெர்வானி, கோட்டு அணிந்தார். மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றார். சுருதிக்காகப் பக்கத்தில் ஊதும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். அவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்டது மற்ற வித்வான்களுக்கு ஏற்கெனவே கிடைத்த மரியாதையைத்தான்.

1940-இல் வெளிவந்த 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். நிறையச் சம்பாதித்தார், சேர்த்து வைக்கவில்லை. 1956 டிசம்பர் 12-இல், 58 வயதில் காலமானார்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி ஒரு கல்யாணத்திலோ கோயிலிலோ நீளமான குழலைப் பார்த்தால், வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்றும் பாருங்க. அவர் சட்டை போட்டு மேடையில் உட்கார்ந்திருந்தால், அதுவும் கேட்டு வாங்கப்பட்டதுதான்.