திடலில் நாம் பார்த்த சாவித்திரி

தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாயும் சாக்கும் கொண்டு போய் இடம் பிடித்தாக வேண்டும். பாசமலர் என்றால் கேட்கவே வேண்டாம். 1961-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தில் அண்ணனாகச் சிவாஜி, தங்கை ராதாவாகச் சாவித்திரி. முடிவில் அண்ணனும் தங்கையும் கண் மூடும்போது திடலே விம்மும். மறுநாள் விடியற்காலை பிரட்டுக்கு வந்து நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தாலே ராத்திரி என்ன படம் ஓடியது என்று தெரிந்துவிடும்.

அந்தத் தங்கையை யாரும் நடிகை என்று பேசியதில்லை. நம்ம சாவித்திரி என்றுதான் சொல்வார்கள். அந்த நம்ம சாவித்திரியைத்தான் குடி கொண்டு போனது. 1981 டிசம்பர் 26-ஆம் நாள் சென்னையில் அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

பிறந்தது ஆந்திரா, குண்டூர் மாவட்டத்துச் சிர்ராவூர் கிராமம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தவர். பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். பெரியப்பாதான் நாட்டியம் கற்க வைத்தார், மேடை ஏற்றினார், சென்னைக்கும் கூட்டி வந்தார். வந்ததுமே வாழ்வு வந்துவிடவில்லை. 1950-இல் சம்சாரம் என்ற தெலுங்குப் படத்தில் கதாநாயகி வேஷம் கைக்கு எட்டியது. கேமராவுக்கு முன்னால் தடுமாறியதால் நழுவிப் போனது. மறு வருஷம் பாதாள பைரவியில் ஒரே ஒரு நடனம். மிஸ்ஸியம்மாவில்கூட முதலில் அவருக்குக் கொடுத்தது இரண்டாவது வேஷந்தான். பானுமதி அம்மையார் விலகிக்கொண்டதால் கதாநாயகி ஆனார். 1955-இல் படம் வந்தது. அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாயாபஜார் பார்த்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடோத்கசன் வத்சலாவாக உருமாறி வந்திருக்கிறான் என்பதை, அந்தச் சின்னப் பெண் ஒரு மீசைக்காரன் மாதிரி நடந்தும் முறைத்தும் காட்டுவாரே, அட அட! களத்தூர் கண்ணம்மா, கற்பகம், கர்ணன், நவராத்திரி, திருவிளையாடல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நடிகையர் திலகம் என்ற பட்டத்தை ஜனங்கள் மனதாரச் சொன்னார்கள்.

கை நிறையச் சம்பாதித்தார். கை ஓயாமல் கொடுத்தார். 1965-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்ட சமயம், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியைப் பார்க்கப் போனவர், மேலே போட்டிருந்த நகைகளைக் கழற்றிப் போர் நிதிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். யாராவது வந்து கஷ்டம் என்று நின்றால் கணக்குப் பார்க்கத் தெரியாத மனுஷி. பிற்காலத்தில் அவர் கஷ்டம் என்று நின்றபோது வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் நமக்கு வயிறு எரிகிறது.

ஜெமினி கணேசனைக் கல்யாணம் செய்தது 1952-இல், மைசூர் சாமுண்டீஸ்வரி கோயிலில். அவருக்கு ஏற்கெனவே மனைவி மக்கள் உண்டு. அதனால் விஷயம் சில காலம் வெளியே வரவில்லை. லக்ஸ் சோப்பு விளம்பர ஒப்பந்தத்தில் சாவித்திரி கணேஷ் என்று கையெழுத்துப் போட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெண் ஒன்று, ஆண் ஒன்று, இரண்டு பிள்ளைகள். பிறகு புருஷன் பெண்சாதிக்குள் மனக்கசப்பு வந்து, பிரிவில் முடிந்தது. யார் மேல் எத்தனை பங்கு குற்றம் என்று பிரிக்க நாம் இங்கே பஞ்சாயத்து வைக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம்.

குடி அந்த வீட்டுக்குள் மெல்ல மெல்ல வந்தது. கூடவே பண நஷ்டமும். 1968-இல் சின்னாரி பாப்பலு என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். பெண்களாகவே கூடி எடுத்த படம் அது. பெரிய காரியம், ஆனால் காசு வரவில்லை. 1964-இல் தாம் நடித்துத் தெலுங்கில் நன்றாக ஓடிய மூக மனசுலு கதையைப் பிராப்தம் என்று தமிழில் தாமே எடுத்து இயக்கினார். சிவாஜி நடித்தும் 1971-இல் வந்த அந்தப் படம் கை கொடுக்கவில்லை. வருமான வரிக்காரர்கள் வந்தார்கள். சென்னை ஹபிபுல்லா சாலையில் இருந்த வீடும் நிலைக்கவில்லை. எந்த அம்மையாருக்காகக் கதை எழுதினார்களோ, அவரே சின்னச் சின்ன வேஷங்களில் வந்து நின்றார். சுருள்முடி நெற்றியில் விழும் அந்த வட்ட முகம் ஊதிப் போய், பிறகு வற்றிப் போனது. நீரிழிவு வேறு. விடுவதும் பிறகு தொடுவதுமாக அந்தப் பாழாய்ப்போன பாட்டில் அவரைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

1980 மே மாதம் பெங்களூர் போன இடத்தில் நினைவிழந்து விழுந்தார். அதற்கப்புறம் 19 மாதம். பேச்சில்லை, யாரையும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்த அந்த 19 மாதத்தை நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே. உயிர் இருக்கிறது, அம்மா இல்லை.

2011-இல் இந்தியத் தபால் இலாகா பழைய நடிகைகள் ஆறு பேருக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் சாவித்திரியும் ஒருவர். இந்தி நடிகை மீனாகுமாரியும் ஒருவர். அவரும் குடியால் ஈரல் கெட்டு 1972-இல் போனவர்தான். 2018-இல் கீர்த்தி சுரேஷ் நடித்து சாவித்திரியின் கதையே படமாக வந்த பிறகு, நம் வீட்டு இளசுகளுக்கும் அவரைத் தெரிகிறது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் தோட்டங்களில் ஆம்பளை குடித்தால் ஊருக்கே தெரியும். கள்ளுக்கடையிலிருந்து பாடிக்கொண்டே வருவான், சம்சு போட்டு வாய்க்காலில் கிடப்பான். யாராவது தூக்கி வந்து லயத்து வாசலில் போடுவார்கள். மறுநாள் அதைச் சொல்லிச் சிரிப்போம். பொம்பளை குடித்தால் அப்படியா? ஒரு வார்த்தையில் பேரைக் கெடுத்துவிடுவோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே இருப்பவளை அக்கா என்று கூப்பிட்டு யாரும் தட்ட மாட்டார்கள். சாவித்திரியைப் பற்றியும் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் உண்டு. பாசமலருக்கு அழுத அதே வாய்தான்.

இதிலே ஒரு விந்தை. 1953-இல் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தேவதாஸ் படமே ஒரு குடிகாரனின் கதை. நாகேஸ்வர ராவ் தேவதாஸ், இவர் பார்வதி. காதல் கைகூடாமல் குடித்துக் குடித்து ஈரல் வெந்து, சாகும் தறுவாயில் தேவதாஸ் அவள் புகுந்த வீட்டு வாசலில் வந்து விழுகிறான். செய்தி கேட்டு அவள் தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள். எட்டுவதற்குள் கதவை அடைத்து விடுகிறார்கள்.

அந்தப் படம் நம் திடலில் ஓடிய இரவு, அந்த இடம் வந்தபோது லயத்துப் பாட்டி ஒருவர் பாயை விட்டு எழுந்தே விட்டார். கதவைத் திறக்கச் சொல்லி, அந்தப் பெண்ணை வெளியே விடச் சொல்லி, வெள்ளைத் துணியைப் பார்த்துச் சத்தம் போட்டார். படம் என்று சொல்லிக் கையைப் பிடித்து உட்கார வைத்தோம். பிள்ளைகளாக இருந்த நாம் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.