சிறையில் கிடைத்த சந்தோஷம்

துருத்தியும் கரியுமாகத் தெருவுக்கு வந்து ஈயம் பூசுகிறவர்களை இப்போதைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓட்டைப் பாத்திரத்தைப் பற்றவைத்துப் புதுசு மாதிரி கொடுத்துவிடுவார்கள். ஏறக்குறைய அந்தத் தொழில்தான் ஜான் பன்யனுக்கு. 1628-ல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கத்திலுள்ள எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தவர். படிப்பு கொஞ்சம்தான். அவர் செய்ததாகச் சொல்லப்படும் இரும்புத் தகட்டு வயலின் ஒன்று இன்றும் பெட்ஃபோர்டில் இருக்கிறது. (மெக்கானிக்கல் படித்தவனாகிய எனக்கு முதலில் அவர் மேல் மரியாதை வந்தது இதைக் கேள்விப்பட்டுத்தான்!)

முதல் மனைவி சீதனமாகக் கொண்டு வந்தவை இரண்டே பக்திப் புத்தகங்கள். அதைப் படிக்கப் போய் மனிதர் மாறினார், பிரசங்கமும் செய்ய ஆரம்பித்தார். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் போட்டுப் பிரசங்கிப்பது அன்று குற்றம். 1660 நவம்பரில் கைதானார். மூன்று மாதம் தண்டனை. இனிமேல் பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு வருஷமாயிற்று.

வீட்டிலே என்ன நிலைமை தெரியுமா? முதல் மனைவி இறந்து, நான்கு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குக் கண் பார்வை கிடையாது. இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கைதான அதிர்ச்சியில் அந்தக் குழந்தையும் தங்கவில்லை. அந்த அம்மாள் 1661-ல் நீதிபதிகள் முன் தனியாகப் போய் நின்று வாதாடியும் பலனில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய தைரியசாலி அவர்தான்.

உள்ளே பன்யன் ஷூ லேஸ்களுக்கு உலோக முனை பூட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். கையில் பைபிளும் கிறிஸ்தவத் தியாகிகளின் வரலாறும் இருந்தன. முன்பு படித்துப் புரியாத வசனங்களெல்லாம் சிறையில்தான் தெளிவாயின, இவ்வளவு ஆனந்தம் வெளியே கிடைத்ததில்லை என்று பிறகு எழுதினார். அதற்காக எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மேரியை நினைத்துத்தான் அதிகம் துடித்தார். தூக்கிலே போட்டால் ஏணியில் கால் நடுங்கிக் கடவுளுக்கே அவமானம் வருமோ என்றுகூட பயந்தார். ஆறுதலுக்காக ஜெபித்தார், வரவில்லை. கடைசியில், ஆறுதல் வந்தாலும் வராவிட்டாலும் நம்பிக்கையை விடுவதில்லை என்று முடிவு பண்ணினார். மனசு லேசானது அதற்கப்புறம்தான்.

1672-ல் விடுதலை. சிறை தந்த ‘மோட்சப் பிரயாணம்’ 1678-ல் வெளியாகி, 200-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. நம் திருநெல்வேலிச் சீமை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தைப் பாடி 1894-ல் வெளியிட்டார்.

1688-ல், பிணங்கியிருந்த ஒரு தகப்பனையும் மகனையும் சமாதானப்படுத்த ரெடிங் வரை குதிரையில் போனார். அங்கிருந்து லண்டன் வரும் வழியில் நல்ல மழை. காய்ச்சல் கண்டு, வீடு திரும்பாமலே ஆகஸ்ட் 31 அன்று லண்டனில் காலமானார். ராசியாக்கின வேலை மட்டும் முடிந்திருந்தது.