ராமன் போன மாநாடு

போன வருஷம் பெங்களூருல நடந்த ஒரு டெவலப்பர் கான்ஃபரன்ஸுக்குப் போனேன். பேர் வேண்டாம். மாணவர் சலுகை போக ரிஜிஸ்ட்ரேஷன் 3,500 ரூபாய். கடத்தூர்ல இருந்து தர்மபுரி, அங்கிருந்து பெங்களூரு பஸ், ரெண்டு ராத்திரி ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாயைத் தாண்டிடுச்சு. எங்க அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை கடத்தூர் வெற்றிலைச் சந்தையில மூட்டை நல்ல விலைக்குப் போனாத்தான் வீட்டுல அந்த வாரம் நிம்மதி. அந்தப் பணத்துலதான் போனேன்.

திரும்பி வரும்போது என் பையில இருந்தது ஒரு டி-ஷர்ட், கொஞ்சம் ஸ்டிக்கர், லிங்க்ட்இன்ல போட நாலு போட்டோ. ரெண்டு வாரத்துல எல்லாப் பேச்சும் யூடியூப்ல இலவசமா வந்துடுச்சு. டி-ஷர்ட்டை இப்ப அப்பா கொடிக்காலுக்குத் தண்ணி கட்டப் போறப்ப போட்டுக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இந்த வருஷமும் மெயில் வந்திருக்கு. ஃபைனல் இயர், இனிமே மாணவர் சலுகை கிடையாது. போகலாமா வேணாமான்னு குழம்பிட்டு இருந்தப்பதான் சர் சி.வி. ராமனோட வாழ்க்கையைப் படிச்சேன். வருஷா வருஷம் பிப்ரவரி 28-க்கு நம்ம காலேஜ்ல அவர் படத்தை ஒட்டி அறிவியல் தினம் கொண்டாடுறோம். ஆனா அவரோட பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னாடி ஒரு மாநாட்டுப் பயணம் இருக்குன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

கப்பல் ஏற முடியாத பையன்

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சி பக்கத்துல திருவானைக்காவல். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்துல வேலை கிடைச்சதால ராமன் வளர்ந்தது அங்கதான். 11 வயசுல மெட்ரிகுலேஷன் முடிச்சார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில 1904-ல பி.ஏ., 1907-ல எம்.ஏ. முதல் ஆய்வுக் கட்டுரை 1906 நவம்பர்ல லண்டன் ஃபிலசாஃபிக்கல் மேகசின்ல வந்துச்சு. அப்ப அவருக்கு வயசு 18. நம்மள்ல பல பேர் அந்த வயசுல கவுன்சிலிங் ரேங்க் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

இவ்வளவு திறமை இருக்கிற பையன் அடுத்து இங்கிலாந்துக்குத்தான் போகணும், அதுதான் அன்னைக்கு வழக்கம். ஆனா உடம்பைப் பரிசோதிச்ச டாக்டர், அந்த ஊர்க் குளிரை இவர் தாங்க மாட்டார்னு சொல்லிட்டார். கப்பல் கதவு அங்கயே மூடிடுச்சு. ராமன் நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம் வாங்கினார், 1907-ல கல்கத்தாவுல அரசாங்க அதிகாரியா வேலைக்குச் சேர்ந்தார். அதே வருஷம் லோகசுந்தரியோட கல்யாணமும் ஆச்சு.

கதை அங்கயே முடிஞ்சிருக்கலாம். நல்ல சம்பளம், நிரந்தர வேலை, அப்புறம் என்ன வேணும்? ஆனா ஒருநாள் டிராம்ல போகும்போது பவ்பஜார் தெரு 210-ஆம் எண் கட்டிடத்துல இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்னு ஒரு போர்டைப் பார்த்தார். மகேந்திரலால் சர்க்கார்ங்கிற மருத்துவர் 1876-ல ஆரம்பிச்ச இடம் அது. லேப் இருந்துச்சு, அதுல ஆராய்ச்சி பண்ணத்தான் ஆள் இல்ல. அன்னையில இருந்து ஆபீஸுக்கு முன்னாடி காலையிலயும், ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி வரைக்கும் ராமன் அங்கதான் இருந்தார். நடுவுல ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் ஆகி, மறுபடி கல்கத்தாவுக்கே வந்தார். வீணை, வயலின், மிருதங்கம்னு நம்ம வாத்தியங்களோட ஒலியை ஆராய்ச்சி பண்ணி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்பிக்கிட்டே இருந்தார். வெளிநாட்டு மாநாடு எதுக்கும் போகாமலே உலகத்துக்கு அவர் பேர் தெரிஞ்சது இப்படித்தான்.

1917-ல கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை பாலித் பேராசிரியரா கூப்பிட்டுச்சு. சம்பளம் அரசாங்க வேலையைவிடக் குறைவு. கூடவே ஒரு நிபந்தனை, அந்தப் பதவிக்கு வர்றவர் வெளிநாட்டுல பயிற்சி எடுத்திருக்கணும். ராமன் சம்பளக் குறைவை ஏத்துக்கிட்டார், நிபந்தனையை ஏத்துக்கல. பயிற்சிக்காக வெளிநாடு போக மாட்டேன்னு உறுதியா இருந்தார். அசுதோஷ் முகர்ஜிக்கு இவரோட மதிப்பு தெரியும். கடைசியில நிபந்தனையைத் தளர்த்தித்தான் இவரை வேலைக்கு எடுத்தாங்க.

1921: முதல் பயணம்

அதே ராமன் நாலு வருஷம் கழிச்சு கப்பல் ஏறினார். 1921 ஜூலையில ஆக்ஸ்ஃபோர்டுல பிரிட்டிஷ் பேரரசின் பல்கலைக்கழகங்களோட மாநாடு. கல்கத்தாவோட பிரதிநிதியா இவரைப் போகச் சொல்லி வற்புறுத்தினதும் அசுதோஷ் முகர்ஜிதான். அப்ப ராமனுக்கு 32 வயசு. அதுவரைக்கும் அவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனதே கிடையாது.

செலவை நாம பணமா மட்டும் கணக்குப் போடுறோம். அன்னைக்குப் பெரிய செலவு நாள். ஜூலை மாநாட்டுக்குப் போனவர் திரும்பி பம்பாய் துறைமுகத்துக்கு வந்தது செப்டம்பர் கடைசியில. லேப் வேலை, மாணவர்கள் எல்லாத்தையும் அத்தனை நாள் விட்டுட்டுத்தான் போகணும்.

இங்கிலாந்துல ஜே.ஜே. தாம்சன், ரதர்ஃபோர்டு மாதிரி பெரிய விஞ்ஞானிகளைச் சந்திச்சார். லண்டன் போறவங்க எல்லாரும் பார்க்கிற செயின்ட் பால் தேவாலயத்துக்கும் போனார். அங்க வட்டமான ஒரு மாடம் இருக்கு, ஒரு பக்கச் சுவர் ஓரமா கிசுகிசுத்தா எதிர்ப்பக்கம் காது வெச்சவருக்குக் கேட்கும். டூரிஸ்ட்டுங்க ஆச்சரியப்பட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. ராமன் அங்கயே சோதனை பண்ணிப் பார்த்து, அந்த ஒலி எப்படிப் பரவுதுன்னு சதர்லேண்டுங்கிறவரோட சேர்ந்து நேச்சர் இதழ்ல எழுதினார்.

அந்த மாநாட்டு மேடையில யார் என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. உலகம் ஞாபகம் வெச்சிருக்கிறது திரும்பி வந்த கப்பலை, எஸ்.எஸ். நர்குண்டா.

மத்தியதரைக் கடல்ல வரும்போது அந்த நீலம் ராமனைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. கடல் நீலமா இருக்கிறது வானத்தோட பிரதிபலிப்புன்னு ராலே சொல்லியிருந்தார், எல்லாரும் ஒத்துக்கிட்ட விளக்கம் அது. ராமன்கிட்ட ஒரு நிக்கல் பட்டகம் இருந்துச்சு. உள்ளங்கையில அடங்குற சின்னக் கருவி, பேர்தான் நிக்கல், அதைச் செஞ்சவரோட பேர் அது. நீர்ப்பரப்புல ஒரு குறிப்பிட்ட கோணத்துல பட்டுத் திரும்புற ஒளி ஒரே தளத்துல அதிரும். பட்டகத்தைச் சரியாத் திருப்பினா அந்த ஒளியைத் தடுத்திடலாம். ராலே சொன்னது சரின்னா, பிரதிபலிப்பைத் தடுத்ததும் நீலம் மறையணும். ராமன் பார்த்தப்ப நீலம் மறையல, இன்னும் ஆழமாத் தெரிஞ்சுது. அப்ப அந்த நிறம் தண்ணிக்குள்ள இருந்தே வருது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்குது.

வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதலாம்னு அவர் வைக்கல. நேச்சருக்கு அவர் எழுதின கடிதத்துல இருக்கிற முகவரியே பம்பாய் துறைமுகம், தேதி 1921 செப்டம்பர் 26.

போகாதவங்களோட பங்கு

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. கல்கத்தா வந்த ராமன் அந்தக் கேள்வியைத் தன்னோட பையிலயே வெச்சுக்கல. லேப்ல இருந்த பசங்க முன்னாடி போட்டார். அடுத்த ஏழு வருஷம் பவ்பஜார் தெருவுல ஒளிச்சிதறல்தான் பேச்சு.

1923-ல கே.ஆர். ராமநாதன் நல்லா சுத்தப்படுத்தின தண்ணியில சூரிய ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சிதறி வந்த ஒளியோட நிறம் மாறின ஒரு மங்கலான ஒளியும் வந்துச்சு. தண்ணியில அழுக்கு இருக்கும்னு நினைச்சு மறுபடி மறுபடி சுத்தம் பண்ணியும் அது போகல. பகல்ல வேற வேலை பார்த்துட்டு நேரம் கிடைச்சப்ப லேப்புக்கு வந்த வெங்கடேஸ்வரன், கிளிசரின்ல நீலத்துக்குப் பதிலா பச்சை ஒளி வர்றதைப் பார்த்தார். 1928 ஆரம்பத்துல விடாம உட்கார்ந்து சோதனை பண்ணினவர் வத்திராயிருப்புல பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். நர்குண்டாவுல ராமன் பார்த்த கடலை இவங்க யாரும் அவரோட நின்னு பார்க்கல. கேள்வி மட்டும்தான் இவங்க கைக்கு வந்துச்சு.

நடுவுல ராமன் இன்னொரு பயணம் போனார். 1924-ல டொரான்டோவுல பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தோட கூட்டம். சிதறும்போது எக்ஸ்-கதிரோட அலைநீளம் மாறுதுன்னு காம்ப்டன் சொன்னதை வெச்சு அங்க பெரிய விவாதமே நடந்துச்சு. ராமனும் அங்க இருந்தார். எக்ஸ்-கதிருக்கு நடக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியற ஒளிக்கும் நடக்குமா? 1927-ல காம்ப்டனுக்கு நோபல் பரிசு கிடைச்சப்ப இந்தக் கேள்வி இன்னும் சூடாச்சு.

1928 பிப்ரவரி 28-ல விடை கிடைச்சுது. ஒளி ஒரு பொருளோட மூலக்கூறுகள்ல பட்டுச் சிதறும்போது அதுல ஒரு சின்னப் பங்கு தன் அலைநீளத்தை மாத்திக்கிட்டு வருது. அதே சமயத்துல மாஸ்கோவுல லேண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஸ்டாமும் படிகத்துல இதே விளைவைப் பார்த்திருந்தாங்க. ராமன் வேகமா இருந்தார். மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி, மார்ச் 16-ல பெங்களூருல பேச்சு, மார்ச் 31 நேச்சர்ல கட்டுரை. பேச்சை அச்சடிச்சு உலகம் முழுக்க விஞ்ஞானிகளுக்கும் அனுப்பினார். 1930-ல நோபல் பரிசு. அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே தனக்கும் லோகசுந்தரிக்கும் கப்பல் டிக்கெட் பதிவு பண்ணிட்டார்னு ஒரு கதை சொல்லுவாங்க.

இதுல ஒரு வருத்தமும் இருக்கு. நேச்சர் கட்டுரையில ராமன் பேரோட கிருஷ்ணன் பேரும் இருந்துச்சு, பரிசு ராமனுக்கு மட்டும்தான். பயணம் போனவர் பேர் நிக்குது, லேப்ல உட்கார்ந்தவங்க பேரை நாம தேடித்தான் படிக்க வேண்டியிருக்கு.

ராமன் 1933-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநரா போனார். 1934-ல இந்திய அறிவியல் அகாடமியை ஆரம்பிச்சு, அதோட ஆண்டுக் கூட்டத்தை ஒவ்வொரு வருஷமும் வெவ்வேற ஊர்ல நடத்தினார். கப்பல் ஏற முடியாதவங்க ஊருக்கே மாநாடு வரட்டும்னு நினைச்சாரோன்னு எனக்குத் தோணுது. 1970 நவம்பர் 21-ல பெங்களூருல காலமானார்.

என் கணக்கு

இப்ப என் கதைக்கு வர்றேன். போன வருஷம் நான் தோத்தது 7,000 ரூபாயால இல்ல. போகும்போது என்கிட்ட ஒரு கேள்வியும் கிடையாது. வந்தப்புறம் ஹாஸ்டல்ல யாருக்கும் எதையும் சொல்லவும் இல்ல, ஸ்டிக்கரை லேப்டாப்ல ஒட்டினதோட சரி.

இந்த வருஷம் ஒரு கேள்வி இருக்கு. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வெற்றிலைச் சந்தைக்கு ஒரு கணக்கு ஆப். கொடிக்கால் பக்கம் சிக்னல் சரியா கிடைக்காது. நெட் இல்லாத நேரத்துல அப்பா போன்லயும் வியாபாரி போன்லயும் ஒரே கணக்கை ஆளுக்கொரு மாதிரி மாத்திட்டா, நெட் வந்ததும் எதை நம்புறது? ரெண்டு மாசமா நாலு பேரும் இதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறோம். கான்ஃபரன்ஸ் அட்டவணையில இதைப் பத்திப் பேசுற ஒருத்தர் இருக்கார். பேச்சை அப்புறம் வீடியோவுல பார்க்கலாம். ஆனா எங்க கோடைத் திறந்து காட்டி, இந்த இடத்துல ஏன் உடையுதுன்னு வீடியோகிட்ட கேட்க முடியாது.

ஜூனியர்கள் ரெண்டு பேர்கிட்டயும் அவங்க கேள்விகளை எழுதித் தரச் சொல்லியிருக்கேன். போனா, அடுத்த திங்கட்கிழமை சாயந்திரம் லேப்ல எல்லாருக்கும் சொல்றதாவும் ஒத்துக்கிட்டேன். தங்குறதுக்கு ஒரு சீனியரோட ரூம் இருக்கு, அதனால ரூம் செலவு மிச்சம்.

ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சதும் அப்பாகிட்ட கேட்கலாம்னு இருக்கேன். கேள்வி எழுதின பேப்பரையும் காட்டுவேன், ஏன்னா ஆப்பும் அவருக்காகத்தானே. அன்னைக்கு வெற்றிலை விலை இறங்கிடுச்சுன்னா வாயைத் திறக்க மாட்டேன். அந்தக் கேள்வியை அப்படியே மெயில்ல எழுதி அந்தப் பேச்சாளருக்கு அனுப்பிப் பார்ப்பேன். ராமனும் பல வருஷம் கல்கத்தாவுல உட்கார்ந்து தபால்லதானே உலகத்தோட பேசினார்.