செய்தியைச் சலித்த செம்மல் இமாம் புகாரி (ரஹ்)

இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாரா நகரில் ஹிஜ்ரி 194-ஆம் ஆண்டு (கி.பி. 810) ஷவ்வால் திங்களில் தோன்றியவர் முஹம்மது இப்னு இஸ்மாயீல். பிறந்த ஊரின் பெயராலேயே இமாம் புகாரி என உலகம் அவரை அறியும். தந்தை முன்னரே மறைய, அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். பத்து வயதளவில் நபிமொழிகளை மனனம் செய்யத் தலைப்பட்டார். பதினாறு வயதளவில் தாயுடனும் உடன்பிறந்தவருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றவர், அவர்கள் திரும்பிய பின்னும் கல்விக்காக மக்காவில் தங்கிவிட்டார். பின்னர் பஸ்ரா, கூஃபா, பக்தாத், சிரியா, எகிப்து என நீண்டது அவர்தம் பயணம்.

அக்காலத்தில் நபி (ஸல்) அவர்களின் பெயரால் மெய்யும் பொய்யும் கலந்து உலவின. அரசியல் வேட்கையால் புனைந்தோர் உண்டு. நன்மை செய்வதாக எண்ணிப் புனைந்த பக்திமான்களும் உண்டு. பின்னவரே பெருந்தீங்கு என்பது நம் கருத்து. ஐயுறத் தோன்றாத நல்லவர் வாய்ச்சொல்லன்றோ விரைந்து பரவும்!

இமாமவர்கள் சொல்லோடு சொன்னவரையும் ஆராய்ந்தார். யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தனரா, வாய்மையும் நினைவாற்றலும் எத்தகையன எனச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார். ஏறத்தாழ 6 லட்சம் அறிவிப்புகளிலிருந்து, 16 ஆண்டுகள் உழைத்து, மீண்டும் வருவன உட்பட ஏழாயிரத்துச் சொச்சமே ஸஹீஹுல் புகாரியில் சேர்த்தார் என்பர். ஒவ்வொன்றையும் பதியுமுன் குளித்து இரண்டு ரக்அத் தொழுவாராம்.

பக்தாத் அறிஞர்கள் அவரைச் சோதிக்க விழைந்தனர். நூறு நபிமொழிகளின் அறிவிப்பாளர் வரிசைகளை இடம் மாற்றி, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாகக் கேட்டனர். ஒவ்வொன்றுக்கும் தாம் அறியேன் என்றே விடை பகர்ந்தார். இறுதியில் நூறையும் அதனதன் வரிசையோடு பொருத்திக் காட்டினார். அவரது நினைவாற்றலை வியப்போர் பலர். அறியேன் என்று அவையில் நூறுமுறை சொன்ன துணிவே நம்மை ஈர்க்கிறது.

அத்துணிவு நம் பகுதிக்கு அயலானதன்று. 2018 மே திங்களில், நம் திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என ஐயுற்று ஏழை ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யே அவ்வச்சத்தை மூட்டியிருந்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. செவ்வாப்பேட்டையில் மின்ரயில் ஏறும் மாணவர் கைப்பேசியிலும் அவை வந்திருக்கக்கூடும். அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்து வருந்தாதிருக்க, தீயவன் கொணரும் செய்தியைத் தெளிந்தறியுமாறு பணிக்கிறது ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம்.

செய்தியைச் சலித்த அவரே வதந்திக்கு இரையானதுதான் வேதனை. நைசாப்பூர் மக்கள் திரண்டு வந்து அவரை வரவேற்றனர். பின்னர், குர்ஆனை ஓதும் தம் உச்சரிப்பு படைக்கப்பட்டது என அவர் கூறியதாகச் செய்தி கிளம்பியது. அவர் மறுத்தும் பயனில்லை. அவ்வூர்ப் பேரறிஞர் துஹ்லீ, புகாரியிடம் செல்வோர் தம் அவைக்கு வரலாகாது எனத் தடுத்தார். இமாம் முஸ்லிம் (ரஹ்) மட்டும் துஹ்லீயிடம் எழுதிக்கொண்ட ஏடுகளைக் கூலியாள் முதுகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். புகாரியோ, துஹ்லீ வழியாகத் தாம் பெற்ற நபிமொழிகளைத் தம் நூலிலிருந்து நீக்கினாரில்லை.

புகாரா திரும்பியவரை, அரண்மனைக்கு வந்து கற்பிக்குமாறு ஆளுநர் அழைத்தார். மறுத்ததால் சொந்த ஊரும் கைவிட்டது. சமர்கந்தை அடுத்த கர்தங்க் சிற்றூரில் உறவினரிடம் ஒதுங்கியவர், ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) ஈகைப் பெருநாளின் முன்னிரவில் இறையடி சேர்ந்தார். பெருநாளன்று அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.